சிறுவாபுரியில வீடு கேட்கிறோம்... மயிலுக்கு வழி விட்டோமா?





இதைப் படிக்கிறவங்கள்ல பல பேர் சிறுவாபுரி போனவங்களா இருப்பீங்க. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போற நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பினா சின்னம்பேடு கிராமம். அங்கே பாலசுப்பிரமணியனா நிக்கிறான் நம்ம அப்பன். ஆறு செவ்வாய்க்கிழமை தொடர்ந்து போய் வேண்டிக்கிட்டா சொந்த வீடு, மனை அமையும்ங்கிறது நம்பிக்கை. வாடகை வீட்டுல இருக்கிறவங்க, வங்கிக் கடனுக்கு அலையுறவங்க, புதுசா கல்யாணம் ஆனவங்க எல்லாரும் அந்த வரிசையில நிக்கிறாங்க. அந்த வேண்டுதல்ல ஒரு தப்பும் இல்ல. தலைக்கு மேல ஒரு கூரை வேணும்னு குழந்தை அப்பாகிட்ட கேட்காம வேற யார்கிட்ட கேட்கும்?

ஆனா அந்த சந்நிதியில இன்னொருத்தரும் இருக்கார். அவன் எதிரே, பச்சை மரகதக் கல்லுல ஒரு மயில். வீடு கொடு, வீடு கொடுன்னு நாம கேட்கிறதை எல்லாம் அது கேட்டுக்கிட்டேதான் நிக்குது. கோயிலுக்கு வெளியில, வயல்வெளியில, அதோட சொந்தக்காரங்க இருக்காங்க. அவங்களுக்கும் வீடு உண்டு. அந்த வீடு பட்டாவுலயும் இல்ல, பத்திரத்துலயும் இல்ல.

இந்த வாரம் நாம யோசிக்கப்போற கேள்வி இதுதான். நாம யாரையும் கொல்லல. வேட்டைக்குப் போகல. உழைச்ச காசைக் கொடுத்து, பத்திரம் பதிஞ்சு, ஒரு சின்ன மனை வாங்குறோம். இப்படி ஆயிரக்கணக்கானவங்க நியாயமா வாங்கினதுல ஓர் உயிரினம் ஒரு ஊரை விட்டே மறைஞ்சு போனா, அதுல நமக்குப் பங்கு உண்டா? கொல்லாமலே கொல்ல முடியுமா? அப்படிக் கொன்னா அது பாவக் கணக்குல வருமா?

*படி இருக்கு, நடுவுல பத்துப் படி இல்ல*

முதல்ல ஒரு விஷயம் தெளிவாகணும். காடு அழியறது வேற, காடு துண்டாகிறது வேற.

நம்ம திருவள்ளூர் மாவட்டத்துலதான் திருத்தணி இருக்கு. மலைக்கு 365 படி, வருஷத்தோட ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி. இப்போ மனசுல ஒண்ணு கற்பனை பண்ணிப் பாருங்க. மேலே கோயில் அப்படியே இருக்கு. கீழே அடிவாரமும் அப்படியே இருக்கு. நடுவுல பத்துப் படியை மட்டும் யாரோ பெயர்த்து எடுத்துட்டாங்க, அந்த இடம் பள்ளமாகிடுச்சு, சுத்திப் போக வேற வழியும் இல்ல. கணக்குப் பார்த்தா 355 படி மிச்சம் இருக்கு. "ஏறக்குறைய எல்லாப் படியும் இருக்கே"ன்னு ஒருத்தர் சொல்லலாம். அவர் சொல்றது பொய்யும் இல்ல. ஆனா காவடி எடுத்துக்கிட்டு வந்த பக்தருக்கு, கோயிலே இல்லாத மாதிரிதான்.

உயிரினங்களுக்கும் இதேதான் நடக்குது. வரைபடத்துல பச்சைப் புள்ளி அங்கங்கே இருக்கும். இங்கே கொஞ்சம் புதர்க்காடு, அங்கே ஒரு ஏரி, அதுக்கு அப்புறம் ஒரு பனந்தோப்பு. "காடு இருக்கே"ன்னு நாம நிம்மதியா இருப்போம். ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்குப் போற வழி அறுந்துபோச்சுங்கிறது நம்ம கண்ணுல படாது.

மயிலையே எடுத்துக்கலாம். பெண்மயில் மரத்துல கூடு கட்டாது. தரையில, புதர் மறைவுல லேசா மண்ணைப் பறிச்சு முட்டை போடும். ராத்திரி தூங்க உயரமான மரம் வேணும். பகல்ல மேய திறந்த வெளி வேணும், குடிக்கத் தண்ணி வேணும். புதர், மரம், வெளி, தண்ணி நாலும் ஒரே இடத்துல அமையறது எப்பவும் நடக்காது. அதனால மயிலோட வீடுங்கிறது ஓர் இடம் இல்ல. நாலு இடமும் அதுக்கு நடுவுல இருக்கிற வழியும் சேர்ந்ததுதான் அதோட வீடு. நம்ம வீட்டுல சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவுல யாராவது ஒரு சாலை போட்டா எப்படி இருக்கும்? மயிலாவது பறந்து தாண்டிடும். தரையில ஊர்ந்து போற உயிர்களுக்கு அந்த வசதியும் இல்ல.

*நாலு நிலமும் ஒரே மாவட்டத்துல*

நம்ம ஊரோட அமைப்பைப் பாருங்க. மேற்கே திருத்தணி மலைகளும் ஆந்திர எல்லையை ஒட்டின குன்றுகளும். அது குறிஞ்சி, நம்ம சேயோனோட நிலம். அதுக்குக் கீழே மேய்ச்சல் தரிசும் புதர்க்காடுமா முல்லை. பொன்னேரிப் பக்கம் ஏரிப்பாசன நெல்வயல், மருதம். கிழக்கே கடலும் பழவேற்காடு ஏரியும், நெய்தல். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவோட இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. குளிர்காலத்துல பூநாரைகள் கூட்டம் கூட்டமா வந்து இறங்குற இடம். புத்தகத்துல படிச்ச நாலு நிலமும் ஒரே மாவட்டத்துல, பக்கத்துப் பக்கத்துல இருக்கு.

இந்த நாலையும் கோத்திருந்த நூல் தண்ணீர். மலையில பெய்த மழை மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். ஆரணியாறு பெரியபாளையத்தையும் பொன்னேரியையும் தாண்டிப் பழவேற்காட்டுல சேரும். வழியில ஓர் ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்குக் கலங்கல் வழியா விடும். அந்த ஓடைக்கரை, ஏரிக்கரை, பனை வரிசை எல்லாம் தவளைக்கும் கீரிக்கும் உடும்புக்கும் நரிக்கும் பாதை. தண்ணி போன வழியிலேயே உயிரும் போச்சு.

நாம போட்ட கோடுகள் எல்லாம் குறுக்கே போகுது. சென்னை - கூடூர் ரயில் பாதை தெற்கு வடக்கா போகுது. சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையும் தெற்கு வடக்கு. அந்த நெடுஞ்சாலையை ஒட்டி கும்மிடிப்பூண்டி சிப்காட், கிடங்குகள், மனைப்பிரிவுகள். மேற்கே தேர்வாய்கண்டிகையில இன்னொரு சிப்காட். ஒவ்வொண்ணையும் சுத்தி மதில். ஆறடி மதிலை ஒரு மனுஷன் ஏறிக் குதிச்சிடலாம், பறவை பறந்துடலாம். நட்சத்திர ஆமையை நினைச்சுப் பாருங்க. நம்ம பக்கத்து வறண்ட புதர்க்காடுகளுக்கே உரிய உயிர் அது. முதுகுல மஞ்சள் நட்சத்திரம் வரைஞ்ச மாதிரி இருக்கும். அதுக்கு ஆறடி மதில் தேவையே இல்ல, அரையடிச் சுவர் போதும். அதோட உலகம் அங்கேயே முடிஞ்சிடும்.

பாலைங்கிறது தனியா ஒரு நிலம் இல்ல, குறிஞ்சியும் முல்லையும் கெட்டுப்போனா உண்டாகுறதுன்னு சிலப்பதிகாரம் சொல்லும். ஒரு நிலம் தன் இயல்பை இழக்கிறதை நம்ம முன்னோர் அவ்வளவு தெளிவா கவனிச்சிருக்காங்க.

*பனாமாவுல ஒரு மலை தீவான கதை*

"சின்னத் துண்டா இருந்தா என்ன, அதுக்குள்ள இருக்கிற உயிர்கள் பத்திரமா இருக்குமே"ன்னு தோணலாம். இதைச் சோதிச்சுப் பார்த்த மாதிரியே ஒரு சம்பவம் உலகத்துல நடந்திருக்கு.

பனாமா கால்வாய் வெட்டினப்போ ஓர் ஆற்றை மறிச்சு பெரிய ஏரி உண்டாக்கினாங்க. 1914 வாக்குல தண்ணி ஏறி, காட்டுல இருந்த ஒரு மலையோட உச்சி மட்டும் தீவா நின்னுச்சு. பேரு பாரோ கொலராடோ. 1923 முதல் அது பாதுகாக்கப்பட்ட ஆராய்ச்சிக் காடு. அங்கே யாரும் மரம் வெட்டல, வேட்டையாட அனுமதியும் இல்ல. ஆனாலும் வருஷங்கள் போகப்போக, அந்தக் காட்டுல இருந்த பல பறவை இனங்கள் ஒண்ணொண்ணா காணாம போச்சு. முக்கியமா தரையை ஒட்டி வாழுற, தண்ணியைத் தாண்டிப் பறக்காத பறவைகள். காடு முழுசா இருந்தும் வழி இல்லாததால நடந்தது இது.

2015-ல ஐந்து கண்டங்கள்ல நடந்த நீண்டகாலச் சோதனைகளைத் தொகுத்து விஞ்ஞானிகள் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. காடு துண்டாகிறதால உயிரின வளம் 13 முதல் 75 சதவீதம் வரை குறையுதுன்னு அதுல வந்துச்சு. உலகத்துல மிச்சமிருக்கிற காட்டுல 70 சதவீதம், ஏதோ ஒரு காட்டு விளிம்பிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளதான் இருக்குன்னும் அதே கட்டுரை சொல்லுது. விளிம்புன்னா வெயிலும் காத்தும் உள்ளே அடிக்கும், களைச்செடி பரவும், தெருநாய் நுழையும். துண்டு சின்னதாக ஆக, விளிம்பு அதிகம், உள்காடு குறைவு.

இன்னொரு கஷ்டம் கல்யாணம். சிரிக்காதீங்க, உண்மைதான். பத்து நரி மட்டும் ஒரு துண்டுல மாட்டிக்கிட்டா, அடுத்தடுத்த தலைமுறை சொந்தத்துக்குள்ளேயே இணையணும். நோய் தாங்குற சக்தி குறையும். வெளியூர்லேருந்து ஒரு வரன் வர வழி வேணும். நம்ம முருகனே வள்ளியைத் தேடி வள்ளிமலைத் தினைப்புனத்துக்கு வேடனா நடந்துதானே போனான்? கைபிடிச்சுத் தணிகைக்கு வந்தான். அந்த மலைக்கும் இந்த மலைக்கும் நடுவுல வழி இல்லாம இருந்திருந்தா, வள்ளி கல்யாணம் ஏது?

இதெல்லாம் உடனே தெரியாதுங்கிறதுதான் ரொம்பக் கொடுமை. இதுக்கு விஞ்ஞானிகள் 1994-லேயே ஒரு பேரு வெச்சாங்க: அழிவுக் கடன். காட்டை இன்னைக்குத் துண்டாக்குவோம். உயிரினம் இன்னைக்கே சாகாது. நட்சத்திர ஆமை பல வருஷம் வாழும். ஒரு துண்டுப் புதர்ல தனியா ஒரு கிழ ஆமை திரியறதைப் பார்த்து "ஆமை இருக்கே"ன்னு நாம சந்தோஷப்படுவோம். அதுக்கு ஜோடி இல்ல, குஞ்சு இல்ல. அந்த ஆமையோட அந்த ஊர்க் கணக்கு முடிஞ்சிடும். வீட்டுக் கடன் வாங்கினவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். கையெழுத்து ஒரே நாள், இஎம்ஐ 20 வருஷம். இங்கே கையெழுத்து போட்டது நாம, இஎம்ஐ கட்டுறது வேற யாரோ.

*"மயில் நிறைய இருக்கே?"*

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நியாயமான கேள்விதான். இப்போ வயல்ல, மொட்டைமாடியில, கோயில் மதில்ல எங்கே பார்த்தாலும் மயில். 1963-ல தேசியப் பறவை ஆச்சு, 1972-ல வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காப்பாத்துது, மக்களும் முருகன் வாகனம்னு கல்லெறிய மாட்டாங்க. 2023-ல வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையும் மயில் வேகமா பெருகிட்டு வர்றதாதான் சொல்லுது.

அப்போ கவலை இல்லையா? அதே அறிக்கை, வேற பல பறவைகள் குறைஞ்சுக்கிட்டே வர்றதையும் சொல்லுது. துண்டான நிலத்துல எல்லாரும் ஒரே மாதிரி தோத்துப் போறதில்ல. எதையும் சாப்பிட்டு, எங்கேயும் ஒதுங்கிக்கத் தெரிஞ்ச சில உயிர்கள் தாக்குப்பிடிக்கும், பெருகவும் பெருகும். காகம், தெருநாய், குரங்கு, மயில் எல்லாம் அந்த வகை. மயில் கூட்டம் பெருகினதுக்கு, முட்டையையும் குஞ்சையும் தின்கிற நரி மாதிரி விலங்குகள் குறைஞ்சதும் ஒரு காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க. நாம பார்த்துச் சந்தோஷப்படுற மயில் கூட்டமே, காணாம போன ஒருத்தனோட காலி இடமா இருக்கலாம்.

இன்னொண்ணும் இருக்கு. புதர் போனதும் மயில் வயலுக்கு வருது. நெல்லையும் கடலையையும் கொத்துது. விவசாயி பாவம், அவர் என்ன பண்ணுவார்? நேத்து வரைக்கும் சாமியா கும்பிட்ட பறவை, இன்னைக்கு எதிரி. வழி அறுந்தா மனுஷனுக்கும் உயிருக்கும் நடுவுல இருந்த உறவும் அறுந்துடுது.

*யார்மேல குத்தம்?*

இப்போ முதல்ல கேட்ட கேள்விக்கு வருவோம். எனக்குப் பங்கு உண்டா?

ஒருத்தர் சொல்லலாம்: "நான் வாங்கினது ரெண்டு சென்ட். அந்த ரெண்டு சென்ட்டால எந்த ஆமையும் சாகல." உண்மை. அவர் வாங்கலன்னாலும் அந்த மனைப்பிரிவு வந்திருக்கும். பக்கத்து மனைக்காரரும் அதையே சொல்லலாம், அதுவும் உண்மை. ஆயிரம் பேர் சொல்ற ஆயிரம் உண்மையைக் கூட்டினா, காணாம போன ஓர் ஓடைக்கரை வருது. தனித்தனியா பார்த்தா குத்தவாளி யாருமே இல்ல. சேர்த்துப் பார்த்தா செத்தவங்க இருக்காங்க.

திருவள்ளுவர் கொல்லாமை அதிகாரத்துல ரொம்ப நுட்பமா ஒண்ணு செஞ்சிருக்கார். கொல்லாதேன்னு மட்டும் சொல்லி நிறுத்தல. இருக்கிறதைப் பகிர்ந்து உண்டு, பல உயிர்களையும் பேணுறதைத்தான் அறங்கள்ல எல்லாம் தலையாயதுன்னு சொல்றார். கையில கத்தி இல்லங்கிறது போதாது, இலையில பங்கு வெச்சியாங்கிறதுதான் கேள்வி. அப்படிப் பார்த்தா, "நான் கொல்லல"ங்கிற பதில் பாதி பதில்தான்.

என் மனசுக்குப் படுறது இது. இங்கே நடக்கிற தப்புக்கு அடிப்படை, வழிக்குச் சொந்தக்காரர் இல்லங்கிறது. நிலத்துக்குப் பட்டா உண்டு, விலை உண்டு. வழிக்கு ரெண்டும் கிடையாது. அதனால அதை யாரும் விக்கறதில்ல, யாரும் வாங்கறதில்ல, யாரும் காவல் காக்கறதும் இல்ல. அது சும்மா மறைஞ்சிடுது. முன்னாடி அதைக் காத்தது ஊர்ப் பொதுநிலம்: ஓடைப் புறம்போக்கு, ஏரிக்கரை, மேய்க்கால், கோயில் காடு. "யாருக்கும் சொந்தமில்லாத" நிலம்னு நாம நினைச்சது எல்லாம் "எல்லாருக்கும் சொந்தமான" நிலம்.

தேர்வாய்கண்டிகையில நடந்தது அதுதான். சிப்காட் தொழிற்பூங்காவுக்குன்னு ஆயிரம் ஏக்கருக்கு மேல எடுத்தாங்க. அரசுப் பதிவேட்டுல அது மேய்க்கால் நிலம். ஊர் மக்களுக்கு அது மாடு மேயற இடம், விறகு, தழை, ஏரிகளுக்குத் தண்ணி கொண்டு வர்ற மேட்டுக்காடு. பெரும்பாலும் தலித் மக்கள் வாழுற ஊர். எதிர்த்துப் போராடினாங்க, நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. தொழிற்பூங்கா வந்துச்சு. விலங்கா மனுஷனாங்கிற சண்டையா இதைப் பார்த்தா நாம ஏமாந்துடுவோம். காட்டோட வழி அறுந்தப்போ அந்த ஊர் ஆடு மாட்டோட வழியும் சேர்ந்துதான் அறுந்துச்சு. இழந்த பக்கத்துல ஏழையும் நரியும் ஒண்ணா நின்னாங்க.

*அப்போ கம்பெனியே வேண்டாமா?*

கும்மிடிப்பூண்டி ரயில்ல காலை ஷிப்டுக்குப் போற தம்பி, தங்கை இதைப் படிக்கிறீங்கன்னா, கோபம் வரலாம். "இந்த வேலை இல்லன்னா எங்க வீட்டுல அடுப்பு எரியாது. ஆமைக்காகக் கம்பெனியை மூடச் சொல்றீங்களா?"

இல்லப்பா. உங்க உழைப்பு புனிதமானது. தொழிற்சாலையும் வேணும், வீடும் வேணும், சாலையும் வேணும். எங்கே வைக்கிறோம், எப்படி வைக்கிறோம், நடுவுல என்ன விடுறோம்ங்கிறதுலதான் அறம் இருக்கு.

ஒரு சின்ன உதாரணம். பெரிய தொழிற்சாலைகளுக்கான சுற்றுச்சூழல் அனுமதியில, இடத்துல ஒரு பங்கு பசுமைப் பரப்பு வெக்கணும்னு நிபந்தனை போடுறது வழக்கம். பத்து கம்பெனியும் அதை ஒழுங்கா வெச்சாலும், ஒவ்வொண்ணும் தன் மதிலுக்குள்ள வெச்சா பத்துத் தீவு. அதே பத்து கம்பெனியும் தங்களோட பசுமையை ஒரே பக்க எல்லையில, பக்கத்துல ஓடுற ஓடையை ஒட்டி, ஒண்ணோட ஒண்ணு தொடுற மாதிரி வெச்சா அது ஒரு பாதை. மரம் அதே மரம், ஏக்கர் அதே ஏக்கர், செலவும் பெருசா கூடாது. சேர்த்து வெக்கணும்ங்கிற எண்ணம் மட்டும்தான் கூடுதல்.

சேர்க்கத் தெரியாதவங்க இல்ல நாம. சென்னைக்குக் குடிதண்ணி வேணும்னதும், கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ரெண்டு ஏரியையும் இணைச்சு 500 மில்லியன் கனஅடி நீர்த்தேக்கம் ஆக்கினோம். 2020 நவம்பர்ல அது திறக்கப்பட்டுச்சு. நமக்குத் தேவைன்னா ஏரியோட ஏரியை இணைக்க முடியுது. அவங்க தேவைக்கு ஒரு புதரோட ஒரு புதரை இணைக்க முடியாதா?

மத்த இடங்கள்ல முடிஞ்சிருக்கு. மத்தியப் பிரதேசம் - மகாராஷ்டிரம் எல்லையில பெஞ்ச் புலிக்காட்டை ஊடுருவிப் போற 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில, விலங்குகள் கீழே போக சாலையைத் தூக்கிக் கட்டினாங்க. 2019-ல கேமரா வெச்சுப் பார்த்தப்போ, புலி உட்பட 18 வகை விலங்குகள் அந்த வழியில போனது பதிவாச்சு. இங்கிலாந்துல 2011-ல தொடங்கின ஓர் இயக்கம், முள்ளெலிக்காகத் தோட்டத்து வேலியில 13 சென்டிமீட்டர் சதுரத்துல ஒரு ஓட்டை விடச் சொல்லிச்சு. சாதாரண ஜனங்கதான் விட்டாங்க. ஒரு வீட்டு ஓட்டையால ஒண்ணும் ஆகாது. தெரு முழுக்க விட்டா அது ஒரு ராஜபாட்டை. ஆயிரம் பேர் சேர்ந்து அறியாமப் பண்ண தப்புன்னு சொன்னோமே, அதை ஆயிரம் பேர் சேர்ந்துதான் சரி பண்ணவும் முடியும்.

*வேல் பிளந்தது, ஆனா விடல*

இதுல நம்ம அப்பன் என்ன சொல்றான்? சூரசம்ஹாரத்தை நினைச்சுப் பாருங்க. சூரபத்மன் கடல் நடுவுல மாமரமா நின்னான். வேல் அந்த மரத்தை ரெண்டாப் பிளந்துச்சு. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல்.

இந்தக் கதையை நாம நூறு தடவை கேட்டிருப்போம். ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? முருகனும் வெட்டித்தான் துண்டாக்கினான். ஆனா வெட்டின ரெண்டு துண்டையும் அப்படியே போட்டுட்டுப் போகல. ஒண்ணை வாகனமா கால்கீழ வெச்சுக்கிட்டான், இன்னொண்ணைக் கொடியா கையில எடுத்துக்கிட்டான். பகைவனோட பாதிகள்கூட இன்னைக்கு வரைக்கும் ஒண்ணா, அவன் பக்கத்துலயே இருக்கு. பிளந்தவன், பிளந்ததுக்குப் பொறுப்பு ஏத்துக்கிட்டான்.

நாமளும் பிளக்கிறோம். சாலை போட்டா பிளக்கணும், வீடு கட்டினா மண்ணை வெட்டணும். வாழறதுன்னாலே அது உண்டு. வெட்டினதுக்கு அப்புறம் அந்தத் துண்டுகளை நாம என்ன பண்றோம்ங்கிறதுலதான் பக்தனா இல்லையான்னு தெரியும்.

*நாம என்ன பண்ணலாம்?*

பெருசா எதுவும் வேண்டாம். முடிஞ்சதைச் சொல்றேன்.

மனை பார்க்கப் போறப்போ வில்லங்கம் பார்க்கிற மாதிரி, புல வரைபடத்தையும் பாருங்க. ஓடை, வாய்க்கால், ஏரி உள்வாய், மேய்க்கால் குறுக்கே வருதான்னு கேளுங்க. வந்தா, எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம்னு எழுந்து வாங்க. அந்த மனை நாளைக்கு மழையில மிதக்கவும் மிதக்கும்.

வீடு அமைஞ்சா, நாலு பக்கமும் மதில்தான் வேணும்னு இல்ல. இடம் இருந்தா ஒரு பக்கமாவது நொச்சி, கள்ளி மாதிரி உயிர்வேலி வையுங்க. பாம்பு வரும்னு பயமா இருந்தா, வீட்டை ஒட்டின இடத்தைச் சுத்தமா வெச்சுக்கிட்டு, கொல்லைக் கோடியில மட்டும் விடுங்க. மதில்தான்னா, ஓடைப் பக்கம் தரையோட ஒரு சின்ன வழி விடுங்க. அந்தப் பக்கம் ராத்திரி விளக்கை அணைச்சிடுங்க.

கம்பெனியில வேலை பார்க்கிறவங்க, பாதுகாப்பு, சுற்றுச்சூழல் கூட்டம் நடக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நம்ம மரங்கள் பக்கத்து கம்பெனி மரங்களைத் தொடுதா?"

ஊர்க்காரங்க, கிராமசபையில ஓடைப் புறம்போக்கும் ஏரிக்கரையும் பேச்சுல வரும்போது வாயைத் திறங்க. அது காலி இடம் இல்ல, ஒரு கூட்டத்தோட வழின்னு சொல்லுங்க. கோயில் நந்தவனமும் குளக்கரையும் அந்த வழியில ஒரு படிதான். அங்கே ஆடிக்கிருத்திகை முடிஞ்சதும் பிளாஸ்டிக் பையை விட்டுட்டு வராதீங்க.

நாம பாதயாத்திரை போறவங்க. கால் வலிக்க நடந்தவங்களுக்குத்தான் வழியோட அருமை தெரியும். நடுராத்திரியில யாரோ முகம் தெரியாதவர் பந்தல் போட்டு மோர் கொடுத்து, "இப்படிப் போங்க சாமி"ன்னு கை காட்டினாரே, அவரை நாம மறக்கிறதில்ல. இந்த ஆமையும் நரியும் ஒரு விதத்துல பாதயாத்திரைக்காரங்கதான். அவங்களுக்குக் கை காட்டுற ஆளா நாம இருக்கலாம்.

அடுத்த செவ்வாய் சிறுவாபுரி போறவங்க, வீடு கேட்கிறதை நிறுத்த வேண்டாம். தைரியமா கேளுங்க, அவன் கொடுப்பான். கூடவே இன்னொரு வரியையும் சேர்த்துக்கோங்க: "முருகா, எனக்கு ஒரு வீடு கொடு. அந்த மண்ணுல எனக்கு முன்னாடி இருந்தவங்களுக்கு ஒரு வழி விடுற மனசையும் கொடு."

வேலும் மயிலும் துணை! 🦚

சரின்னு பட்டா, மனை பார்த்துக்கிட்டு இருக்கிற நண்பர் ஒருத்தருக்கு அனுப்பி வையுங்க.